படித்தவர்: ஆம்

ராசாத்தி இறந்த மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி பதினோரு நிமிடத்துக்கு, அவள் சாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் அவளுடைய கைபேசிக்கு வந்து சேர்ந்தது.

அன்று காலையில்தான் பால் தெளித்துவிட்டு வந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். நடவு நேரம், யாரையும் குறை சொல்ல முடியாது. வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வரவில்லை. இருபத்தைந்து நாற்காலிகளுக்கு நடுவே கருப்பையன் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அலமாரித் தட்டில் இருந்த கைபேசி கத்தியதும், நெடுங்காட்டிலிருந்து ராசாத்தியின் தங்கைதான் பேசுகிறாள் என்று நினைத்து எடுத்தார்.

திரையில் சிவப்புப் பட்டையில் எழுதியிருந்தது: 'எச்சரிக்கை! கோட்டுச்சேரி வட்டாரத்தில் அடுத்த இரண்டு மணி நேரத்தில் இடி மின்னல். வயல்வெளியில் நிற்க வேண்டாம். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். உடனே வீடு திரும்பவும். இவண், மாவட்ட நிமிடச் செய்தி மையம்.'

வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. செய்தியின் கீழே பச்சையாக ஒரே ஒரு பொத்தான் இருந்தது. 'படித்துவிட்டேன்.' அதை அழுத்தினால்தான் கத்தல் நிற்கும்போல் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். திரை முழுக்கப் பூ கொட்டியது. 'நன்றி, ராசாத்தி! நீங்கள் ஒரு பொறுப்புள்ள குடிமகள்.'

அவள் போனது புதன்கிழமை. நீலகண்டன் வயலில் ஏழு பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மேல் மற்றவர்கள் சாப்பிடக் கரையேற, கையில் இருந்த ஒரு நாற்று முடியை நட்டுவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு இடி விழுந்தது. வரப்பில் ஒயர் கூடைக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு இருந்த கைபேசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் நூலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் கருப்பையன். அச்சில் வந்த எதையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிற பழக்கம் அவருக்கு. அந்தச் செய்தியையும் இருமுறை படித்தார். யாரோ எங்கோ தாமதமாக அனுப்பிவிட்டார்கள், இனி அதைப் பேசி என்ன என்று விட்டுவிட்டார். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஜவஹர் அலியின் டீக்கடையில் இருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே சமயத்தில் கத்தின. மாவட்டம் முழுவதும் கத்தியதாகப் பிறகு தெரிந்தது.

'விழிப்புணர்வுச் செய்தி: கோட்டுச்சேரி ராசாத்தி (56) புதன்கிழமை மின்னல் எச்சரிக்கையைப் படித்தார். வயலை விட்டு வெளியேறவில்லை. உயிரிழந்தார். நீங்கள் எப்படி?'

கீழே சிரிக்கிற முகம் ஒன்றும் அழுகிற முகம் ஒன்றும் இருந்தன. விருப்பமானதைத் தொடலாம்.

"ஏண்ணே, அக்காவுக்குச் சேதி வந்துச்சா?" என்றார் ஜவஹர் அலி. "சொல்லவே இல்லையே நீங்க."

"வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துச்சு."

"அக்கா போனது புதன்லண்ணே?"

"ஆமா."

ஜவஹர் அலி கைபேசியைப் பார்த்தார், கருப்பையனைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். "இதுல புதன்னு போட்டிருக்கே" என்றார். இருபது வருடப் பழக்கம், கடன் சொல்லாமல் டீ குடிக்கிற மனுஷன். ஆனாலும் இந்தப் பக்கம் ஒரு ஆள்தானே, அந்தப் பக்கம் அரசாங்கம்.

நீலகண்டன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். பத்து நாளாக அவர் முகத்தில் இருந்த வாட்டம் இறங்கியிருந்தது. "பாத்தியா கருப்பையா. வானம் கறுக்குதே, கரையேறுங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலைன்னு ஊரே என்னையப் பேசுச்சு. இப்ப கவர்மெண்டே சொல்லிருச்சு. பிடிவாதக்காரி, பாவம். என்ன செய்யிறது."

நடவுக் கூட்டத்துப் பெண்கள் சொன்னதுதான் கருப்பையனைச் சுட்டது. அதுவரை தினம் ஒருத்தியாவது குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அன்று யாரும் வரவில்லை. தெருக்குழாயடியில் அவர் காதுபடவே பேச்சு நடந்தது. "நாங்களும்தானே அதே வயல்ல நின்னோம். சேதி வந்ததை வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல. சொன்னா எல்லாரும் ஏறிருவோம், அன்னிக்கி வேலை நின்னுடும்னு மறைச்சிட்டா."

மறைக்கிறவள் இல்லை ராசாத்தி. மோர் புளித்தால்கூட மூன்று வீட்டுக்குச் சொல்கிறவள். ஆனால் ஐப்பசி மாதம், எங்கேயாவது தினம் மின்னிற்று. மின்னும்போதெல்லாம் அவள் எச்சரிக்கையைப் படித்துவிட்டு வயலை விட்டு வெளியேறாத செய்தி மாவட்டத்துக்குப் போயிற்று. உயிரோடு இருந்தவரை கோட்டுச்சேரியைத் தாண்டி அவளை யாருக்கும் தெரியாது. இப்போது கிளிஞ்சல்மேட்டில் வலை பின்னுகிறவர்களுக்கும் தெரிந்தது.

கருப்பையன் ஒரு மனு எழுதினார். நான்கே வரி. என் மனைவிக்கு எச்சரிக்கை அவள் இறந்த மூன்றாம் நாள் வந்தது. அதைப் படித்தது நான். அவள் படித்ததாக உள்ள வரியை நீக்க வேண்டுகிறேன். வேறொன்றும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, அவள் கைபேசியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரைக்காலுக்கு பஸ் ஏறினார்.

மாவட்ட நிமிடச் செய்தி மையம் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே ஒரு சுவர் அளவுக்குத் திரை. அதில் கட்டம் கட்டமாகப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறிகள். மேசையில் நித்யஸ்ரீ என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பேப்பர் வாங்குறதில்லைங்க ஐயா. இது பேப்பர் இல்லாத ஆபீஸ்" என்றாள். "புகாரெல்லாம் ஆப்லதான் போடணும். பாதிக்கப்பட்டவங்க போன்லேருந்து."

அவர் ராசாத்தியின் கைபேசியை எடுத்துக் கொடுத்தார். அவளே திறந்து காட்டினாள். முதல் கேள்வி: 'நீங்கள் ராசாத்தியா?'

'இல்லை' என்று தொட்டார். 'பிறர் சார்பில் புகார் ஏற்கப்படாது' என்று வந்தது.

"ஆமான்னு போட்டுப் பாருங்கய்யா, உள்ள விட்டாலும் விடும்."

'ஆம்' என்று தொட்டார். 'உயிருடன் இருப்பவர்கள் தமது இறப்புப் பதிவு குறித்துப் புகார் அளிக்க இயலாது. நீடூழி வாழ்க!'

நித்யஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் அன்பழகன் வந்தார். பொதுஜனத்தில் ஒருவர் இரண்டு மாடி ஏறி வந்திருப்பதைக் கண்டு அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. கருப்பையனைத் தோளில் கைபோட்டுத் திரைக்கு முன்னால் கூட்டிப்போனார்.

"பெரியவரே, இதோ இது டேட்டா வேர்ஹவுஸ். கிடங்குன்னு வச்சுக்குங்க. நெல்லு மூட்டைக்குப் பதிலா தகவல் மூட்டை. பதினாலு டிபார்ட்மெண்ட் தகவலும் இங்க வந்து கொட்டுது. இங்கேருந்து இந்த அம்பு வழியா நேரா உங்க கைக்கு நோட்டிபிகேஷன். நடுவுல புரோகிராம் கிடையாது. ஒரு வரி யாரும் எழுதல. பெட்டியை இழுத்து வைப்போம், அம்பை இழுத்துக் கட்டுவோம், தானா ஓடும். எனக்கு கம்ப்யூட்டரே தெரியாதுங்க. பெருமையாச் சொல்றேன். தெரியாதவனே நடத்தலாம், அதான் இதுல விசேஷம்."

"புதன்கிழமை எச்சரிக்கை என் வீட்டுக்கு எப்ப வந்துச்சுன்னு பாக்கணுங்க" என்றார் கருப்பையன்.

"பாத்துருவோமே. நித்யா, அந்த ரூட்டைக் காட்டும்மா."

நித்யஸ்ரீ ஒரு பெட்டியைத் தொட்டாள். வானிலைத் தகவல் கிடங்குக்கு வந்தது, புதன் பகல் பன்னிரண்டு மணி எட்டு நிமிடம். அங்கிருந்து அம்பு ஒரு மஞ்சள் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியின் மேல் எழுதியிருந்தது: 'ராகு காலம் எனில் காத்திரு.' அதற்கடுத்து இன்னொரு மஞ்சள் பெட்டி: 'அஷ்டமி, நவமி எனில் காத்திரு.' புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அது கழிவதற்குள் அஷ்டமி பிறந்துவிட்டது. அஷ்டமி கழிந்து நவமி. நவமி கழிந்தது வெள்ளி மாலை ஐந்து பத்துக்கு. ஐந்து பதினொன்றுக்கு அனுப்பப்பட்டது.

கருப்பையன் அந்த மஞ்சள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நானே வச்சது" என்றார் அன்பழகன். "கல்யாண உதவி மஞ்சூர் ஆச்சுன்னு ஒரு பொண்ணோட அப்பாவுக்கு நோட்டிபிகேஷன் போச்சு. போன நேரம் ராகு காலம். மனுஷன் இங்க வந்து இதே எடத்துல நின்னு, என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்களேன்னு அழுதாரு. முன்னாடி மாதிரின்னா கம்பெனிக்கு எழுதிப் போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். நான் ரெண்டே நிமிஷத்துல பெட்டியை இழுத்து வச்சேன். பஞ்சாங்கமும் சேத்தேன். மக்களோட நம்பிக்கையை மதிக்கிற சிஸ்டம் இந்தியாவுலயே நம்மளுது ஒண்ணுதான்."

"அது கல்யாண உதவிக்கு. இடி மின்னலுக்கு எதுக்குங்க ராகு காலம்?"

"எல்லா அம்பும் ஒரே வழியாத்தானே போகுது? துறைக்கு ஒரு பஞ்சாங்கம் வச்சா நல்லாவா இருக்கும்? சமமா நடத்தணும்ல."

"இடி விழுந்தது பன்னண்டு அம்பதுக்குங்க."

அன்பழகன் திரையைப் பார்த்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு எட்டிலிருந்து பன்னிரண்டு ஐம்பது. பிறகு குரலைத் தாழ்த்திப் பரிவோடு சொன்னார்.

"அப்ப ராகு காலத்துலதான் போயிருக்காங்க. பாத்தீங்களா, அது எவ்வளவு கெட்ட நேரம்னு? அந்த நேரத்துல நாங்க எதையும் அனுப்பாம இருந்தது எவ்வளவு சரி பாருங்க."

கருப்பையன் ராசாத்தியின் கைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "படிச்சது வெள்ளிக்கிழமைன்னாவது போடலாம்லங்க" என்றார்.

"அனுப்பின நேரம், படிச்ச நேரமெல்லாம் காட்டினா கட்டத்துல எடம் பத்தல சார்னு இவதான் சொன்னா. கிடங்குக்கு வந்த கிழமையை மட்டும் வச்சோம்."

"நான் சொல்லல சார்" என்றாள் நித்யஸ்ரீ. "எல்லாமே தாமதம்னு செவப்பா தெரியுது, விருதுக் கமிட்டி வர்ற நேரம், எடுத்துடுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நல்லது, எடம் பத்தல" என்றார் அன்பழகன். "பெரியவரே, கவலைப்படாம போங்க. உங்க புகார் மேல நடவடிக்கை நோட்டிபிகேஷன்ல வரும்."

"புகாரே போகலையே சார்" என்றாள் நித்யஸ்ரீ.

"போகாத புகாருக்கும் பதில் அனுப்புற வசதி இதுல இருக்கு."

பதில் வந்தது, இரண்டு நாள் கழித்து, நல்ல நேரத்தில். 'அன்பு ராசாத்தி, உங்கள் குறை தீர்ந்தது. எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

ஊரில் அவரோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. பேசினால் அந்தப் பேச்சு வந்துவிடுமே என்று ஒதுங்கினார்கள். ஒரு ஆழாக்கு அரிசி வைப்பார், பாதி மீந்துபோகும். ஒருநாள் கறிவேப்பிலை எங்கே வைத்திருக்கிறாய் என்று அடுக்களையிலிருந்து கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்து நின்றார். வீட்டில் வாய் திறந்து கூப்பிடுகிற ஒரே சத்தம் அந்தக் கைபேசிதான். 'ராசாத்தி, இன்று தண்ணீர் குடித்தீர்களா?' 'ராசாத்தி, நீங்கள் இருபது நாட்களாக ஓரடி கூட நடக்கவில்லை!' அணைத்து வைக்கவும் முடியவில்லை. அரிசி அட்டையும் எரிவாயுவும் குடும்பத் தலைவி எண்ணில்தான் இருந்தன. கடவுச்சொல் அதற்குத்தான் வரும். எனவே ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தார்.

அதன் பலன் கார்த்திகையில் தெரிந்தது. வந்த செய்தி அத்தனையையும் தவறாமல் படித்தவர் என்று, மாவட்டத்தின் சிறந்த பயனாளியாக ராசாத்தியைக் கிடங்கு தேர்ந்தெடுத்திருந்தது. விழா மண்டபத்தில் பொன்னாடையும் கேடயமும் தருகிறார்கள், தவறாமல் வரவும். கருப்பையன் போனார். பெரிய அதிகாரிகள் வருவார்கள், நாலு பேர் முன்னால் கேட்டால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ராசாத்தி இஸ்திரி போட்டு வைத்திருந்த கடைசிச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அன்பழகன் மேடையில் பேசினார். "நாங்கள் அனுப்பாத எச்சரிக்கை கிடையாது. புயலாகட்டும், வெள்ளமாகட்டும், இந்த மாவட்டத்தில் எங்கள் செய்தி போய்ச் சேராத வீடு இல்லை. எப்போது சேர்ந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன், சேர்ந்ததா இல்லையா? இன்று இந்த மாவட்டத்தில் ஒரு உயிர் போனால், அது எங்கள் எச்சரிக்கை இல்லாமல் போனது என்று எவரும் சொல்ல முடியாது. அந்த நிலையை உருவாக்கியிருக்கிறோம்."

பிறகு ராசாத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கருப்பையன் மேடையேறினார். மேல்துண்டை எடுத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியை நீட்டி, "ரெண்டு வார்த்தை" என்றார்கள்.

"ராசாத்தி என் சம்சாரங்க" என்றார். "அவ எறந்துட்டா. சேதி வர்றதுக்கு முன்னாடியே எறந்துட்டா."

மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. பரிசு பெற்றவர் பேச்சை நிறுத்தியதும் கைதட்டல் என்று விழாவுக்கும் பெட்டி வைத்து அம்பு கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கி தட்டியது. அது ஓய்வதற்குள், முன்வரிசை முதல் பின்வரிசை வரை எல்லோர் கைபேசியும் கத்தின. எங்கேயோ மின்னியிருக்க வேண்டும். கோட்டுச்சேரி ராசாத்தி எச்சரிக்கையைப் படித்தார், வயலை விட்டு வெளியேறவில்லை, நீங்கள் எப்படி? கேடயத்தில் இருந்த பெயரையும் கைபேசியில் இருந்த பெயரையும் ஒப்பிட்டுக் கூட்டம் முணுமுணுத்தது.

அன்பழகன் அசரவில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "ஒரே நபர் பாராட்டுப் பட்டியலிலும் இருக்கிறார், எச்சரிக்கைப் பட்டியலிலும் இருக்கிறார். இதைவிட நடுநிலைமைக்கு என்ன சாட்சி வேண்டும்?" ஒலிபெருக்கி மறுபடி கைதட்டியது.

மண்டபத்து வாசற்படியில் கருப்பையன் பொன்னாடையை மடித்துக்கொண்டு நின்றபோது, நித்யஸ்ரீ பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஐயா, நான் மூணு தடவை அந்த வரியை அழிச்சுப் பாத்துட்டேன். மறுநாள் காலையில கிடங்கு திரும்ப ரொம்பும்போது பழையபடி வந்துடுது. எங்கேருந்து வருதுன்னு எனக்கும் தெரியல, சாருக்கும் தெரியல. எந்த அம்பு எதுக்குன்னு யாருக்குமே தெரியாதுங்கய்யா."

"பரவால்லம்மா. நீ என்ன செய்வ."

"ஒண்ணே ஒண்ணு மாத்த முடியுது. படிச்சவர் பேரு. அதைக் காலியா விட்டா ஏத்துக்க மாட்டேங்குது. வேற யாராவது ஒருத்தர் படிச்சிருக்கணும்."

"படிச்சது நான்தானே."

"தெரியுங்கய்யா. ஆனா கிழமை புதன்னுதான் நிக்கும். அன்னிக்கே நீங்க படிச்சதாத்தான் ஆகும்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்புறம், படிச்சவரும் எறந்தவரும் வேறவேற ஆளா இருந்தா, அதுக்குன்னு ஒரு வாசகம் சார் வச்சிருக்காரு. வீட்டுல சொல்லலைன்னு வரும். ஊருக்கெல்லாம் போகும். நிறுத்த எனக்குத் தெரியாது."

கருப்பையன் மடித்த பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அவ பேரு வருமா?"

"வராதுங்கய்யா. மனைவின்னுதான் வரும்."

"அப்பச் சரி. எழுதிக்க" என்றார். "கருப்பையன். வயசு அறுபத்தொண்ணு."

அந்த வாரம் வியாழக்கிழமை, காரைக்காலில் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். நடவுக் கூட்டத்துப் பெண்கள் நான்கு பேர் முன்னால் இருந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் அவர் பக்கத்தில் யாரோ வெளியூர்க்காரர். மேற்கே ஒருமுறை மின்னல் வெட்டியது. பஸ் முழுக்கக் கத்தல்.

'விழிப்புணர்வுச் செய்தி: கோட்டுச்சேரி கருப்பையன் (61) புதன்கிழமை மின்னல் எச்சரிக்கையைப் படித்தார். வயலில் இருந்த மனைவிக்குச் சொல்லவில்லை. மனைவி உயிரிழந்தார். நீங்கள் எப்படி?'

பழக்கப்படி இருமுறை படித்தார். பெயர் சரியாக இருந்தது, வயது சரியாக இருந்தது. முன்னால் இருந்த பெண்களில் ஒருத்தி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் பார்வையைத் தொடர்ந்து வெளியூர்க்காரரும் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.

"பாவி மனுஷன். கைக்குள்ள சேதியை வச்சிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான்" என்றாள் திரும்பிப் பார்த்தவள், அவருக்குக் கேட்கும்படியாகவே.

"நாம பாவம் அவளைப் போட்டுத் திட்டித் தீத்தோமே" என்றாள் இன்னொருத்தி. "அவ எவ்வளவு சூட்டிகை. தெரிஞ்சிருந்தா நம்மளையெல்லாம் வெரட்டிக் கரையேத்திட்டுத்தானே ஏறியிருப்பா."

கருப்பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.